மகமையும் பூணூலும்

பிறந்த ஜாதியை ஒருவர் மாற்றிக்கொள்ள இயலாது. தனி மனிதர் பொருள் ஈட்டலாம், கல்வி பெறலாம், எனினும் ஊரார் அவரைப் பழைய இடத்தில் வைத்தே நோக்குவர். ஆனால் ஒரு ஜாதியினர் அனைவரும் சேர்ந்து முயன்றால் அவர்களது நிலை மாறுவதுண்டு. மேலோர் எனப்பட்டவர்களின் ஆசாரங்களைக் கைக்கொண்டு உயர முயல்வது அவ்வாறான வழிகளுள் ஒன்று. குடகு மக்களைப் பற்றி 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவ்வழி எத்துணைத் தூரம் செல்லும், வேறு வழி யாது என்பவற்றை அறிய நாம் குடகு வரை செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர், சிவகாசிப் பகுதிகளில் வாழும் நாடார் சமூகத்தின் வரலாறே போதுமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளில் பனையேறிப் பிழைத்து வந்தனர். பல கோயில்களில் அவர்கள் நுழையத் தடை இருந்தது. அவர்களுள் சிலர் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றி வடக்கே சென்று விற்றனர். 1801-இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின் வழிப்பயணத்தின் அச்சம் ஓரளவு குறைந்தது. ஆயினும் இரவில் சரக்கையும் காளைகளையும் காப்பது பெரும்பாடாகவே இருந்தது. எனவே அவர்கள் விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்துக்கொண்டனர்.

அப்பேட்டைகளில் வளர்ந்ததே மகமை என்னும் ஏற்பாடு. வணிகர் ஒவ்வொருவரும் தாம் விற்கும், வாங்கும் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகை ஒன்றைப் பொது நிதிக்குச் செலுத்தினர். குடும்பத் தலைவர்கள் கூடிய உறவின்முறை என்னும் சபை அந்நிதியை நிர்வகித்தது. கிணறு, கோயில், பின்னர் பள்ளி என அந்நிதி ஊருக்குப் பயன்பட்டது. சர்க்கார் உத்தரவோ மானியமோ இதற்குத் துணை நிற்கவில்லை. ஊராட்சிப் பணிகளுக்குப் பொதுமக்கள் பங்குத் தொகை கேட்டுச் சென்று வெறுங்கையுடன் திரும்பிய அனுபவம் நமக்குண்டு. ஆதலின் இதன் அருமை நமக்கு நன்கு விளங்குகிறது.

1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அவ்வாறு சேர்ந்ததைப் பள்ளிச் செலவுக்கு அளித்தனர். பிற்காலத்தில் முதலமைச்சரான காமராஜர் சிறுவராய்ப் பயின்றது இங்கேதான். பள்ளியின் பெயரையும் கவனிக்க வேண்டும். பிடியரிசியால் எழுந்த பள்ளிக்கு அரச குலத்தின் பெயர்! இரு வழிகளிலும் ஒரே சமயத்தில் நடந்தவர்களின் மனநிலையை அப்பெயரே காட்டுகிறது.

க்ஷத்திரியர் என்று உரிமை கொண்டாடிப் பூணூல் அணிந்தோரும் அச்சமூகத்தில் இருந்தனர். 1897-இல் கமுதிக் கோயிலுள் சிலர் நுழைந்தனர்; வழக்கு எழுந்தது. 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு, உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. கமுதி வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது.

மகமை வழியோ நிற்கவில்லை. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் எழுந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி அமைந்தது. 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர்.

அப்படியாயின் கோயில் கதவு எவ்வாறு திறந்தது? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தினார். உடன் சென்றோர் ஹரிஜனங்கள் ஐவரும் நாடார் ஒருவரும் ஆவர். அவ்வாண்டே அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. கமுதி வழக்கில், உள்ளே செல்லத் தக்க உயர்வு இவர்களுக்கு உண்டா என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. மதுரையில் அக்கேள்விக்கே இடமில்லாது போயிற்று. ஏணியில் ஒரு படி ஏற முயன்றவர்களுக்கு மறுக்கப்பட்ட கதவு, ஏணியின் அடியில் நிறுத்தப்பட்டவர்களோடு சேர்ந்து சென்றபோது திறந்தது.

இவ்வரலாற்றை நாம் ஒரு கிராமக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். இறுதியில், விவசாயக் கூலியான ஆதிதிராவிட முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவுங்ககிட்டச் சரக்கு இருந்துச்சு, மகமை கொடுத்தாங்க. எங்ககிட்ட என்ன இருக்கு?" என்று வினவினார். அதற்கு நாம் உடனே விடை கூற இயலவில்லை. மகமைக்கு வணிகம் வேண்டும். வணிகத்திற்கு முதலும் வழியும் வேண்டும். அந்நியர் நிலத்தில் உழைப்போருக்கு அவ்விரண்டும் இல்லை. பனையேறியவர் வணிகராக உயர்ந்ததனால், அவருக்கும் கீழே வைக்கப்பட்டவர் தாமே உயர்ந்துவிடவுமில்லை.

ஆயினும், அம்முதியவர் தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தோம். சிறுகச் சிறுகச் சேர்த்த கூலிப் பணத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அவர்கள் கடன் கொடுத்திருந்தனர். கூலியிலும் மகமை பிறக்கக் கூடும் என்று அம்முதியவரிடம் கூறினோம். அவர் தலையசைத்துவிட்டு, மயானத்திற்குச் செல்லும் பாதையைக் காட்டினார். அது பிறர் வயலின் வரப்பு. அதனைச் சேமிப்பினால் விலைக்கு வாங்கச் சொல்வது நியாயமாகாது. அது அவர்களது உரிமை. அதற்கான நில அளவைக் கோப்பு இன்னும் முடிவு பெறவில்லை.