கிண்ணமும் கோபமும்

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகள் நடைபெறும் நாட்களில், பசறை, ஹாலிஎல, தெமோதரை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வந்த பெற்றோரைப் பார்வையாளரிடையே காணலாம். காலைப் பெரட்டுக்குப் போகாது, ஒருநாட் சம்பளத்தை இழந்து வந்தவர்களும் அவர்களுள் இருப்பர். தம் பிள்ளை மைதானத்தில் ஓடுவதைக் கண்ணாரக் காண்பதே அவர்கள் ஆசை.

இத்தகைய பெற்றோர் கூடுமிடத்தில் ஒரு பேச்சு எழுவதுண்டு. “அவர் பொல்லாத கோபக்காரர், கையும் நீளும். ஆனால், அவர் பழக்கிய பிள்ளைகள் கிண்ணம் வாங்காமல் திரும்பியதில்லையாம். அவரையே நம்முடைய பள்ளிக்கூடத்துக்கும் அழைத்தால் என்ன?”

எளிதாகத் தோன்றும் இவ்வினா எளிதன்று. இதற்கு விடைகூறப் புகுமுன், இதே வினாவை எதிர்நோக்கிய இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் கதையை வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

கதிரை பறந்த நாள்

ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. மாணவர் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரள்வர். பயிற்றுவிப்பாளரின் புகழ் சில வேளைகளில் பல்கலைக்கழகத் தலைவரின் புகழையும் விஞ்சிவிடும்.

அத்தகைய புகழ்பெற்றவர் பொபி நைட். தமது 24 ஆவது வயதிலேயே இராணுவக் கல்லூரி அணியின் பொறுப்பை ஏற்ற இவர், 1971 ஆம் ஆண்டில் இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1976, 1981, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவருடைய அணி தேசிய சம்பியனாயிற்று. 1976 இல் முடிவுற்ற பருவத்தில் ஆடிய 32 ஆட்டங்களில் ஒன்றிலேனும் அது தோற்கவில்லை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியைப் பயிற்றியவரும் இவரே. மாணவர் வகுப்புக்குச் செல்ல வேண்டும், பட்டம் பெற வேண்டும் என்பதில் கண்டிப்பாயிருந்தார். பல்கலைக்கழக நூலகத்துக்கு நிதி திரட்டியும் உதவினார்.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தைக் காண வேண்டுமாயின், 1985 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி நடைபெற்ற ஆட்டத்தை நினைவுகூர வேண்டும். நடுவரின் தீர்ப்பினாற் சினங்கொண்ட நைட், ஒரு கதிரையைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே வீசினார். ஆட்டக்காரரை வைது இழிவுபடுத்துவதும் அவருக்கு வழக்கமாயிருந்தது. 1997 இல் பயிற்சியின்போது மாணவரொருவரின் கழுத்தில் அவர் கை வைத்த காட்சி 2000 ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் வெளிவந்தது. இனி ஒரு தவறும் பொறுக்கப்படாது என்று பல்கலைக்கழகம் அதன்பின்னரே எச்சரித்தது. சில மாதங்களில், தம்மை மரியாதையின்றி விளித்தாரென ஒரு மாணவரின் கையைப் பற்றிக் கண்டித்தார். செப்டெம்பர் 10 ஆம் திகதி பதவி நீக்கப்பட்டார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர் அவருக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினர் என்பதும் கவனிக்கத்தக்கது.

மீண்டும் ஓர் அழைப்பு

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே டெக்சாஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே பேராசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். விளையாட்டு இரசிகரோ கொண்டாடினர். முந்திய பருவத்தில் 9 ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்த அவ்வணி, நைட்டின் முதற் பருவத்திலேயே 23 ஆட்டங்களில் வென்றது. கோபம் மட்டும் அவரை விட்டகலவில்லை. 2006 இல் ஆட்டத்தின் நடுவே ஒரு மாணவரின் நாடியைக் கையால் தட்டி உயர்த்திய செயல் மறுபடியும் சர்ச்சையாயிற்று. அம்மாணவரும் பெற்றோரும் நைட்டையே ஆதரித்துப் பேசினர். 2008 இல் 902 வெற்றிகளுடன் ஓய்வுபெற்ற அவர், 2023 நவம்பரில் காலமானார்.

இது தொலைதேசத்துக் கதையென்று எண்ண வேண்டுவதில்லை. நம் நாட்டவரான சந்திக்க ஹத்துருசிங்க பங்களாதேஷ் கிரிக்கெட் அணியை 2015 உலகக் கிண்ணக் கால் இறுதிக்கும், 2017 இல் சம்பியன்ஸ் கிண்ண அரை இறுதிக்கும் அழைத்துச் சென்றார். பின்னர் இலங்கை அணிக்கு வந்த அவர், 2019 இல் இங்கே பதவியிழந்தார். 2023 இல் பங்களாதேஷ் அவரை மீண்டும் அழைத்தது. 2024 ஒக்டோபரில், வீரரொருவரைத் தாக்கினாரென்ற குற்றச்சாட்டின் பேரில் விலக்கியது. அக்குற்றச்சாட்டை அவர் மறுத்தார்.

யாருடைய தவறு?

நைட்டின் கதையிற் பிழை அவருடையது மட்டுமன்று என்பதே நம் கருத்து. இந்தியானாவில் அவர் 29 ஆண்டுகள் இருந்தார். கதிரை பறந்த நாளிலேயே வரம்பு விதித்திருக்கலாம். வெற்றி வந்துகொண்டிருந்தவரை கண்ணை மூடியிருந்தவர்கள், வெற்றி குறைந்த காலத்திலேதான் விழித்தனர். முளையிற் கிள்ளாததை மரமான பின் வெட்டப் போனால் ஊரே இரண்டுபட்டு நிற்கும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. கடுஞ்சொல்லும் ஓங்கிய கையுமே வேலை வாங்கும் வழியென்று எண்ணிய கங்காணிமாரை நம் பாட்டன் பாட்டிமார் நன்கறிவர். ஏசினாற்றான் கொழுந்து நிறையும் என்ற அந்த எண்ணம், பெரட்டுக் களத்திலிருந்து பள்ளிக்கூட மைதானத்துக்கு ஏன் வர வேண்டும்? லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு விளையாட்டு மைதானம் என்பது தலைநிமிர்ந்து நிற்கக் கிடைத்த ஓரிடம். அங்கேயும் அவமானப்பட்டால், அது பந்தை மட்டுமன்றி, படிப்பையும் கைவிட்டுவிடக்கூடும்.

சட்டமும் இதையே கூறுகிறது. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை விடுத்தது. மாணவரொருவரை ஆசிரியர் அறைந்த வழக்கில், அச்செயல் அடிப்படை உரிமையை மீறியதென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயின், கண்டிப்பான பயிற்றுவிப்பாளரே வேண்டாமென்று நாம் கூறவில்லை. விடியற்காலையில் எழுப்பி ஓடவிடுபவரும், தவறிய எறிதலை நூறுமுறை திரும்பச் செய்விப்பவரும் பிள்ளைக்கு நன்மையே செய்கின்றனர். கண்டிப்பு பிழையைத் திருத்தும். இழிவோ பிள்ளையை உடைக்கும்.

ஆதலால் ஒருவரை அழைக்குமுன் பெற்றோரும் அதிபரும் சிலவற்றை விசாரிக்க வேண்டும். அவரிடம் பழகிய பிள்ளைகளில் எத்தனை பேர் இடையில் விலகினர்? ஏன் விலகினர்? தோற்ற நாளில் அவர் எவ்வாறு நடந்துகொண்டார்? முறைப்பாடு வந்தால் அதைக் கேட்பவர் யார்? வரம்பு இன்னதென முதல் நாளிலேயே அவரிடம் கூற நமக்குத் துணிவுண்டா? கடைசி வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையாயின், அவர் எத்தனை கிண்ணம் வென்றவராயினும் அழையாதிருப்பதே நன்று.

மாலையிலே கொழுந்து மடுவத்திற் கூடையைத் தராசில் மாட்டும்போது, கொழுந்தின் எடை தெரியும். பறித்த விரலின் வெடிப்புத் தெரியாது. அலுமாரியில் வைத்த கிண்ணமும் அத்தகையதே. அதன் பளபளப்பைப் பார்க்குமுன், அதை ஏந்தி வந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்போமாக.