அபாயத் தொழிலும் நியாயமான கூலியும்

‘குட்டி ஜப்பான்’ என்று புகழப்படும் சிவகாசிக்குத் தொழில் வந்த கதையை நம் மாவட்டத்தில் அறியாதவர் இலர். 1922-ஆம் ஆண்டு திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும், அச்சும் தழைத்தன. பயிருக்குப் பகையான வெயில் பட்டாசை உலர்த்த உதவியது. இத்தொழில் இல்லையேல் நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே தொழிலைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அதில் உழைப்போருக்குக் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது, நியாயமான கூலி எது என்பதை விளக்கவே விரும்புகிறோம்.

பீஸ் ரேட் என்பது யாது?

கூலி இரு வகைப்படும். உழைத்த நேரத்துக்குத் தருவது ஒன்று. செய்து முடித்த எண்ணிக்கைக்குத் தருவது மற்றொன்று. பின்னதையே நம் ஊரில் ‘பீஸ் ரேட்’ என்கிறார்கள். குழாய் சுருட்டுதல், திரி வைத்தல், சரம் பின்னுதல், பெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளில் இம்முறை மிகுதி. இவ்வேலைகளைச் செய்வோரில் பெண்களே அதிகம்.

கணக்கு விளங்குவதற்காக, 100 உருப்படிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் 2,000 உருப்படி முடித்தால் 400 ரூபாய் கிடைக்கும். விரைந்த கைக்கு இது நல்ல வரும்படியே. ஆனால் கைவலியோ காய்ச்சலோ வந்து 1,200 மட்டும் முடித்தால் 240 ரூபாய்தான். மழை பெய்து சரக்கு காயாவிட்டாலும், காகிதம் வந்து சேரத் தாமதமானாலும், காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. மழை பெய்தது தொழிலாளியின் குற்றமா? இல்லை. எனினும் நட்டம் அவரையே சேருகிறது.

வேகமும் நிதானமும்

பட்டாசு மருந்து உராய்வைப் பொறுக்காது, அதிர்வைப் பொறுக்காது, கடும் வெப்பத்தையும் பொறுக்காது. அதனால்தான் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் உள்ளன. இவை அனைத்தும் தொழிலாளியிடம் நிதானத்தை வேண்டுகின்றன. எண்ணிக்கைக் கூலியோ அவரை ‘விரைந்து செய்’ என்று தூண்டுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தாய் அமர்ந்து வேலை செய்கிறாள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் அவசரம் ஆபத்தைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை.

விமானிக்கும் இதே கதை

இச்சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சிறு ஊர்களை இணைக்கும் வட்டார விமானங்களை ஓட்டுவோருக்குப் பெரும்பாலும் பறந்த மணிக்கணக்கைக் கொண்டே சம்பளம் கணக்கிடப்படுகிறது. நிலையத்தில் காத்திருக்கும் நேரம் அக்கணக்கில் முழுமையாகச் சேராது. 2009 பிப்ரவரி 12-ஆம் நாள் பஃபலோ நகரருகே அத்தகைய விமானம் ஒன்று விழுந்து 50 பேர் மாண்டனர். தலைமை விமானி விமானத்தைத் தவறாகக் கையாண்டதே முதற்காரணம் என்று விசாரணை கூறியது. ஆனால் துணை விமானிக்கு மிகக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டதும், அவர் வேலைக்கு வருவதற்காக இரவெல்லாம் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்ததும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தன. விமானிகளின் அனுபவம், ஓய்வு ஆகியவை பற்றிய விதிகள் பின்னர் கடுமையாயின. விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2022-இல் வட்டார நிறுவனங்கள் பல சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தின.

பிறர் உயிரைக் கையில் ஏந்தும் விமானியும், தன் உயிரைக் கையில் ஏந்தும் பட்டாசுத் தொழிலாளியும் இவ்வகையில் ஒரே படகில் இருக்கின்றனர். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பல விமான நிறுவனங்களில் ‘எவ்வளவு குறைவாகப் பறந்தாலும் மாதத்துக்கு இத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. எண்ணிக்கைக் கூலி பெறும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது இவ்வுறுதியே.

சட்டம் சொல்வது

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், எண்ணிக்கைக்கு உழைப்போருக்கும் ஓர் உத்தரவாதக் கூலி வகுக்க வழி செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. இவற்றை ஒருங்கிணைத்து 2019-இல் ஊதியத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

குறைந்தபட்சக் கூலி எவ்வளவு இருக்க வேண்டும்? 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஓர் அளவு வகுத்தது. போதிய உணவு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றுடன் விறகு, விளக்கு முதலிய செலவுகளுக்கு 20 விழுக்காடு என்பதே அவ்வளவு. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பண்டிகையும் கணக்கில் இருப்பதைக் கவனியுங்கள். ஊருக்கெல்லாம் தீபாவளியைச் செய்து தருபவரின் வீட்டிலும் தீபாவளி வர வேண்டுமன்றோ!

வேறு வழியின்றித் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்துவிட்டாலும் அது நியாயமாகிவிடாது என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்துள்ளார்.

நம்மைத் தொடும் பொருள்

இப்பொருள் மாணவியராகிய நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் சிறுவர் சிறுமியரை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவ்வாறு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று நாம் சீருடை அணிந்து வகுப்பில் அமர்ந்திருப்பதற்கு இவையும் காரணம். ஆனால் சட்டத்தால் மட்டும் ஒரு பெண் பள்ளியில் நிலைத்துவிட முடியாது. தாயின் கூலி ஒரு வாரம் குறைந்தால், அடுத்த வாரம் வீட்டில் முதலில் பேசப்படுவது மூத்த மகளின் படிப்பைப் பற்றியே. எங்கள் வகுப்பில் பட்டாசு ஆலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் பலர் உள்ளோம். சனிக்கிழமை மாலை அம்மா கொண்டுவரும் கூலிதான் எங்கள் நோட்டுப் புத்தகமும் பஸ் கட்டணமும் ஆகிறது.

நியாயமான கூலி என்பது தருமமன்று. உழைத்தவருக்குச் சேர வேண்டிய கடன். மழை நாளிலும் ஒரு தொகை உறுதி என்றால் கைகள் பதறாமல் வேலை செய்யும். அதனால் தொழிலாளிக்கு உயிர்ப் பாதுகாப்பு. முதலாளிக்கும் ஆலை பாதுகாப்பு. பெற்றோரே, உங்கள் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று கேட்டறியுங்கள். தோழியரே, இவ்வாரம் வீட்டில் அம்மாவின் கூலிக் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். வகுப்பில் படித்த கணக்குக்கு இதனினும் நல்ல பயன் வேறில்லை.