கல்குவாரியில் டீசல் சிந்தினால்

"என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்கும்போது சிலர் தயங்குகின்றனர். கை வெடிப்புக்கும் இருமலுக்கும் மருந்து பெற வந்த இடத்தில் வேலையைப் பற்றிய விசாரணை எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நோயாளியிடம் இக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலேயே தம் நூலில் வலியுறுத்தினார் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி.

அதன் அருமையைக் கொடைக்கானல் அறியும். இங்கு இயங்கிய இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவு வெளியே சென்றது வெளிச்சத்துக்கு வந்ததை அடுத்து 2001இல் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததோ 2016இல்தான். சிந்தியது சிந்திய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பதே அது தந்த பாடம்.

டீசல் பாதரசம் அன்று. ஆயினும் அதற்கும் அப்பாடம் பொருந்தும். குவாரியில் மண் அள்ளும் இயந்திரம், கம்ப்ரஸர், ஜெனரேட்டர் ஆகிய யாவும் டீசலில் ஓடுகின்றன. பீப்பாய் கவிழ்ந்தாலோ குழாய் அறுந்தாலோ, சரிவான மலை நிலத்தில் எண்ணெய் விரைவில் ஓடையை நாடும்.

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பீடி, தீக்குச்சி, வெல்டிங் வேலை எதுவும் அருகில் வேண்டாம். இயன்றால் கசிவை அடைத்து, கையுறை அணிந்து, பள்ளமான பக்கத்தில் மண்ணால் சிறு கரை கட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ முயல வேண்டாம். டீசல் நீரைவிட இலேசானது, ஆகவே மிதந்து மேலும் பரவும். மணலோ மரத்தூளோ தூவி ஊறவிட்டு, மூடியுள்ள பீப்பாயில் அள்ளி வையுங்கள். ஓடையிலோ புதரிலோ கொட்டாதீர்கள். ஓடையில் கலந்துவிட்டால் கீழே குடியிருப்போருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். டீசல் கலந்த நீரைக் காய்ச்சினாலும் அது குடிநீர் ஆகாது. தீப்பற்றும் அபாயம் இருந்தால் 101 என்ற எண்ணை அழையுங்கள்.

உடலில் பட்டால் நனைந்த உடையை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு தோலைக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். ஆவியை முகர்ந்து தலை சுற்றினால் காற்றோட்டமான இடத்துக்குச் செல்லுங்கள்.

டீசலை வாயால் உறிஞ்சிக் குழாயில் இறக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. தப்பித் தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புக் கரைசலோ பாலோ புகட்டாதீர்கள். வாந்தியின்போது டீசல் நுரையீரலுக்குள் புகுந்தால் கடுமையான அழற்சி உண்டாகும். இருமலோ மூச்சிரைப்போ இல்லையென்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. உயர் அழுத்தக் குழாயிலிருந்து பீய்ச்சும் டீசல், ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி வழியே விரலுக்குள் புகுந்துவிடும். தொடக்கத்தில் வலி பெரிதாக இராது. ஆனால் அதற்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

இல்லத்தில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். டீசல் தோய்ந்த வேலை உடையை வாசலிலேயே வாங்கித் தனியாகத் துவையுங்கள்; அவ்வுடையோடு குழந்தையைத் தூக்க விடாதீர்கள். டீசலைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

இங்கு வரும்போது நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுங்கள். முதலாளி கோபிப்பார், கூலி போய்விடும் என்ற அச்சம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் எது பட்டது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தெரிந்தால்தான் சரியான சிகிச்சையை விரைந்து தொடங்க முடியும். அடுத்த முறை நாங்கள் உங்கள் தொழிலைக் கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை அந்த விடையிலிருந்தே தொடங்குகிறது.