சொல்லத் தெரியாத கண்கள்

நம் வைத்தியப் பழக்கம் முழுக்கப் புகாரை வைத்து நடப்பது. வலிக்கிறது, எரிகிறது, மங்குகிறது என்று ஒருவர் சொன்னால்தான் டாக்டரிடம் போகிறோம். குழந்தையின் கண் விஷயத்தில் இந்தப் பழக்கம் பலிக்காது. ஒரு கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைக்கு வலி கிடையாது. இரண்டு கண்ணாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியவே தெரியாது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அது பொம்மையை எட்டிப் பிடிக்கும், அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். பள்ளியில் ஒரு கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்கச் சொல்லும்போதுதான் விஷயம் வெளிப்படும். அதற்குள் ஐந்தாறு வருஷம் போயிருக்கும். எனவே, குறை ஏதும் தெரியாதபோதே குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

அவசரம் கண்ணால் வருவதைவிட மூளையால் வருவது. 1960களில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் பெரிய கோளாறு இல்லை. ஆனால் பார்வைக்கான மூளைப் பகுதியின் செல்கள் அந்தக் கண்ணை ஏறக்குறையக் கைவிட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அப்படி நேரவில்லை. பார்வைத் தகவலை மூளை கையாளும் விதத்தை விளக்கிய ஆய்வுகளுக்காக 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அறுபது வயதில் வரும் கண்புரையை ஒரு வருஷம் தள்ளி ஆபரேஷன் செய்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். பிறவிப் புரைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியாக இருந்தால் சுமார் ஆறு வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் இருந்தால் எட்டுப் பத்து வாரத்துக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைக்கும் கணக்கு. அதன் பிறகும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டு, தேவைக்கேற்ப நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மூளையைப் பழக்க வேண்டும்.

அடையாளங்கள் கண்ணில் படாமல் இல்லை. நாம்தான் அவற்றுக்கு வேறு அர்த்தம் சொல்கிறோம். மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறோம். கண் பெரிதாக இருந்தால் லட்சணம் என்று கொஞ்சுகிறோம். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் பத்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு வயதுக்குள் அது பன்னிரண்டைத் தாண்டினால் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வடிவதுடன் வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கருவிழி வெளுத்திருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. வெறும் கண்ணீர்க்குழாய் அடைப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே சரியாகும். இந்த அழுத்தம் அப்படித் தானே சரியாகாது. எண்ணெயும் தாய்ப்பாலும் விட்டுப் பார்ப்பதில் கழியும் ஒவ்வொரு வாரமும் பார்வை நரம்புக்கு நஷ்டம். கண் பாப்பா, அதாவது கருவிழியின் நடுத் துளை, வெள்ளையாக மின்னுவது இன்னும் தீவிரமானது. புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பக்கவாட்டில் பார்க்கும் கண்ணிலும் அப்படித் தெரிவதுண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கண் மருத்துவர். கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

பச்சைக் குழந்தையை எப்படிச் சோதிப்பது, எழுத்தா படிக்கும் என்று கேட்பார்கள். படிக்க வேண்டியதில்லை. இருட்டறையில் கைக்கருவியின் ஒளியைக் கண் பாப்பாவுக்குள் செலுத்தினால் உள்ளிருந்து செம்மஞ்சள் ஒளி திரும்ப வரும். இரண்டு கண்ணிலும் அது ஒரேபோல இல்லையென்றால் உள்ளே ஏதோ மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணைக் கையால் மறைக்கும்போது சும்மா இருந்த குழந்தை, மற்றதை மறைத்தால் சிணுங்குகிறது என்றால், அது எந்தக் கண்ணை நம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிப் பவரைக்கூடக் குழந்தை வாய் திறக்காமலே அளந்துவிடலாம். தாயிடம் கேட்கும் கேள்விகளும் சோதனையின் பகுதிதான். கர்ப்பத்தில் தடிப்போடு காய்ச்சல் வந்ததா என்று கேட்பது, 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் அத்தகைய தடிப்புக் காய்ச்சலான ருபெல்லாவுக்கும் பிறவிப் புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததன் பயன். சொந்தத்தில் கல்யாணமா என்பதும் வம்புக் கேள்வி அல்ல. பிறவி நீர் அழுத்த நோய் பல குடும்பங்களில் அந்த வழியில் வருகிறது. எத்தனை வாரத்தில், என்ன எடையில் பிறந்தது என்று கேட்பதற்கும் காரணம் உண்டு: எடை இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது இந்திய நெறிமுறை.

வளர வளரச் சரியாகிவிடும் என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. முதல் மூன்று நான்கு மாதம் குழந்தையின் கண் அவ்வப்போது விலகுவது சகஜம். அதற்கு மேலும் விலகினால், அல்லது எப்போதும் ஒரே பக்கம் நின்றால், சகஜமல்ல. தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூளை ஒதுக்கியதால் பார்வை குன்றிய ‘சோம்பல் கண்’ உள்ள ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை அட்டையில் இரண்டு வரியாவது கூடியது. பத்து வயதுப் பிள்ளையைக் கைவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் அது மாறுகண்ணாலும் பவர் வித்தியாசத்தாலும் சோம்பிய கண்களைப் பற்றியது. பிறந்ததிலிருந்து படமே விழாத கண்ணுக்கு அதை நீட்ட முடியாது.

ஊருக்கு ஊர் குழந்தைக் கண் மருத்துவர் இல்லையே என்பது நியாயமான கவலை. முதல் சோதனைக்கு அவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், ஆகும் நேரம் ஓரிரு நிமிடம். இதற்கென்று தனி முகாமும் வேண்டாம். நம் நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒன்றரை மாத ஊசிக்கு வந்துவிடுகின்றன. புரைக்கு மருத்துவர்கள் சொல்லும் ஆறு வாரக் கெடுவும் அங்கேதான் விழுகிறது. ஊசி போட்டவுடன் கிளம்பிவிடாமல், "பாப்பாவோட கண்ணையும் லைட் அடிச்சுப் பார்த்துடுங்க" என்று கேளுங்கள். பிரசவ ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.