பெட்டிக்குள் போன மேதை

உங்கள் வீட்டில் பெரிய புத்தகப் பெட்டி இருக்கிறதா? அதற்குள் ஓர் ஆளை ஒளித்து வைக்கலாமா என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ஹாலந்து தேசத்தில் ஒரு மனைவி யோசித்தாள். யோசித்ததோடு நில்லாமல் செய்தும் காட்டினாள்! அவள் அப்படிச் செய்திராவிட்டால் உலகத்துக்கு ஒரு பெரிய சட்ட நூல் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

அவள் பெயர் மரியா. கணவர் ஹியூகோ குரோஷியஸ், சட்டத்தில் மகா நிபுணர். மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கைகோத்துக்கொண்ட காலம் அது. 1619-ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்து லூவஸ்டைன் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். மரியாவும் அங்கேயே போய்க் கணவருடன் தங்கினாள். ஒரு சலுகை மட்டும் இருந்தது: வெளியிலிருந்து புத்தகம் தருவித்துக்கொள்ளலாம். பெட்டி நிறையப் புத்தகம் வரும். படித்தவை அதே பெட்டியில் திரும்பிப் போகும். முதலில் திறந்து திறந்து பார்த்த காவலர்கள் நாளடைவில் சலித்துப் போனார்கள். மரியா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

1621 மார்ச் 22-ந் தேதி. புத்தகங்களுக்குப் பதில் கணவரையே பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, தான் கோட்டையிலேயே தங்கிவிட்டாள். படகில் பெட்டிக்குத் துணை போனவள் எல்ஸ்யே என்ற வேலைக்காரப் பெண். கரை சேர்ந்த குரோஷியஸ், கொத்தனார் வேஷத்தில் தப்பிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மரியாவையும் சில நாளில் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாரிஸில்தான் 1625-ல் 'யுத்தமும் சமாதானமும் பற்றிய சட்டம்' என்ற நூல் வெளியாயிற்று. யுத்தத்துக்கும் வரம்பு உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது. எதிரிக்குக் கொடுத்த வாக்கானாலும் காப்பாற்ற வேண்டும் என்று அதில் எழுதினார். சர்வதேச சட்டத்தின் அஸ்திவாரக் கற்களில் அது ஒன்று. போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கென்றே 1949-ல் ஜினீவாவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

"எல்லாம் சரி. தேசங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போலீஸ் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எதிர் வீட்டில் ஒரு டம்ளர் காப்பிப் பொடி கைமாற்று வாங்குகிறீர்கள். பத்திரமா, சாட்சியா? ஒன்றுமில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஏன்? நாளைக்கும் அதே தெருவில்தானே குடியிருக்க வேண்டும்! தேசங்களின் கதையும் ஏறக்குறைய அதுதான். நம் ஊர்த் தபால் தலையை ஒட்டிப் போட்ட கடிதத்தைக் கனடா நாட்டுத் தபால்காரர் உங்கள் மகனிடம் கொண்டு போய்க் கொடுக்கிறாரே, அதுவும் தேசங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால்தான். உலகத் தபால் சங்கம் 1874-ல் தோன்றியது.

பெரிய வழக்குகளும் உண்டு. வங்காள விரிகுடாவில் எல்லை எது என்று இந்தியாவுக்கும் வங்க தேசத்துக்கும் நெடுநாள் தகராறு. 2014-ல் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்க தேசத்துக்குப் போயிற்று. நம்மிடம் பெரிய கடற்படை இருந்தது. ஆனாலும் இந்தியா தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. இரு நாட்டு மீனவர்களுக்கும் எல்லை எது என்று தெளிவாயிற்று.

எல்லோரும் இப்படி நடப்பதில்லை. 1986-ல் நிகரகுவா வழக்கில் தோற்ற அமெரிக்கா, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்க மறுத்துவிட்டது. கைமாற்றைத் திருப்பித் தராத வீடும் தெருவில் ஒன்றிரண்டு இருக்கத்தானே செய்கிறது? அதற்காக மற்ற வீட்டார் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடுகிறார்களா?

அந்த நீதிமன்றத்தில் 15 நீதிபதிகள். 1946 முதல் நடந்து வரும் அங்கே, நிரந்தர நீதிபதியாக ஒரு பெண்மணி முதன்முதலில் அமர்ந்தது 1995-ல்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஸலின் ஹிக்கின்ஸ் அவர். 2006-ல் அதன் தலைவராகவும் ஆனார்.

இதுதான் குரோஷியஸ் படுத்திருந்த பெட்டி என்று ஹாலந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிசாலைகள் காட்டுகின்றன. எது அசல் என்பது எப்படியோ போகட்டும். அதைப் பூட்டிய கை யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை!