மருந்தகத்தில் வீணாகும் நேரம்

நோயாளி மருந்தகத்திற்கு வந்தால், மருத்துவரைக் காணும் நேரம் சில நிமிடங்களே. பெயர் பதிவதிலும், அட்டை தேடுவதிலும், மருந்துக்கு வரிசையில் நிற்பதிலும் மீதி நேரம் கழிகிறது. அன்பர்களின் ஆதரவில் நடக்கும் இலவச மருந்தகங்களும் இதற்கு விலக்கல்ல.

இக்குறையைப் போக்க ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலை ஒரு வழி காட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்த அம்முறை, பின்னாளில் ‘லீன்’ எனப் பெயர் பெற்றது. காத்திருத்தல், தேவையற்ற நடை, மிஞ்சிய கையிருப்பு, பிழையால் மீண்டும் செய்யும் வேலை உள்ளிட்ட ஏழு வகை வீண்களை அவர் வகுத்தார். அமெரிக்காவில் சியாட்டல் நகரின் வர்ஜினியா மேசன் மருத்துவ மையம் 2002-ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்றது; அதன் நிர்வாகிகளே ஜப்பான் சென்று கற்று வந்தனர்.

செய்முறை எளிது. வாசல் முதல் மருந்து பெறும்வரை நோயாளியுடன் நடந்து, ஒவ்வொரு படிக்கும் ஆகும் நிமிடங்களைக் குறிக்க வேண்டும். ஒரே விவரத்தைக் கேட்கும் இரு படிவங்களை ஒன்றாக்கலாம். மாலைவரை குவியும் பதிவு வேலையை அவ்வப்போதே முடிக்கலாம். மருந்தை இரு பெட்டிகளில் வைத்து, முதல் பெட்டி தீர்ந்ததும் புதிதாகத் தருவித்து, அது வரும்வரை இரண்டாவதைப் பயன்படுத்தலாம். பற்றாக்குறையும் குறையும், காலாவதியாகி வீணாவதும் குறையும்.

இதனை ஆட்குறைப்புக்கு வழியாக்கினால் ஊழியர்கள் மனமொப்பிச் செய்யமாட்டார்கள். மிச்சமாகும் நேரம் நோயாளிக்கே சேர வேண்டும். நன்கொடை மருந்தை வாங்கித் தரும். முதியவர் ஒருவரின் அரைநாளைக் காப்பது சீரான நிர்வாகமே. அதுவும் தர்மமே.