மாரியும் கமராவும்

சாம்பல்தீவில் மார்கழி மழை கொட்டும்போதெல்லாம் ஆர்தர் சி. கிளார்க் நம் நினைவுக்கு வருவார். எழுத்து அவர் தொழில். படம் பிடிப்பது பொழுதுபோக்கு. கடலடியில் மூழ்கும் ஆசையால் குளிர்ந்த இங்கிலாந்தை விட்டு, 1956-இல் இலங்கையில் குடியேறினார். அவ்வாண்டே அவரும் தோழர் மைக் வில்சனும், போர்த்துக்கேயர் 1622-இல் இடித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கோணமலையடியில், கடலுக்குள் கண்டனர்.

ஆனால் வாடைக் காலத்தில் நம் கடல் எவருக்கும் இடங்கொடாது! அலை புரண்டு நீர் கலங்கிவிடும். சித்திரை வாக்கில்தான் தெளியும். கமராவுடன் புதிதாய்க் குடிவந்தவர் அதுவரை களப்போரத்துக் கொக்குகளைப் படம் பிடிக்கலாம். ஈரக்காற்றில் வில்லை பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதுதான் பெரும்பாடு.